ஏ5 பிளாக்கின் ஓரம்

எட்டு வருடங்களுக்கு முந்தைய மெழுகு பிளாக் ஒன்று போன மாதம் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கேசட்டின் பக்கவாட்டில் பென்சிலால் ‘ஏ2’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒரு டிக். அந்த டிக் நான் போட்டது. டி.என்.ஏ எடுத்து முடித்த பிளாக்கில் அப்படி ஒரு அடையாளம் வைப்பது என் பழைய வழக்கம்.

மாலிக்யூலர் பேத்தாலஜி லேபில் 15 வருடமாக இருக்கிறேன். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, விரல்நகம் அளவுத் துண்டுகளாக வைத்திருப்பார்கள். பேத்தாலஜி மருத்துவர் அதிலிருந்து மெல்லிய சீவல்களை ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்வார். அதே பிளாக்கிலிருந்து இன்னும் சில சீவல்கள் எனக்கு வரும். நான் மெழுகைக் கரைத்துவிட்டு டி.என்.ஏவைப் பிரித்து, எந்த மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தேடுவேன். அவர் பார்ப்பது உருவம், நான் பார்ப்பது எழுத்து. நோயாளியின் முகத்தை நாங்கள் இருவருமே பார்ப்பதில்லை.

அந்த பிளாக் வந்த அதே வாரம், பெரியம்மா மகள் ஒரு ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவளுக்குத் தைராய்டை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. படத்தில் ஒரு வரியைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள்: ‘பிராஃப் வி600இ மியூட்டேஷன்: டிடெக்டட்’.

“என்னடி இது? பாசிட்டிவ்னு போட்டிருக்கு. போச்சா எல்லாம்?”

“ஒண்ணும் போகலக்கா. ராத்திரி கூப்பிடுறேன்” என்று பதில் போட்டேன். கூப்பிட்டேன், பேசினேன், பாதிதான் போய்ச் சேர்ந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். ஆனால் அவளுடைய ரிப்போர்ட்டை விளக்க, அந்த ஏ2 பிளாக்கிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த பிளாக்குக்கு உரியவரை அடையாளம் காட்டும் எதையும் சொல்லப்போவதில்லை. எட்டு வருடம் முன்பு அவருக்குத் தைராய்டில் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான கட்டி. பாப்பில்லரி வகை. தைராய்டு புற்றுநோயில் பத்தில் எட்டுப் பேருக்கு வருவது இதுதான். அவருடைய அறுவை சிகிச்சை நிபுணர், பிராஃப் என்ற மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் கேட்டிருந்தார். கட்டியை ஏ1 முதல் ஏ7 வரை ஏழு பிளாக்குகளாக வைத்திருந்தார்கள். நான் ஏ2வைத் தேர்ந்தெடுத்தேன். கட்டி செல்கள் அதில்தான் அதிகம், நல்ல திசுவும் லிம்போசைட் என்ற வெள்ளணுக்களும் குறைவு. லேப் விதிப்படி மிகச் சரியான தேர்வு. ரிசல்ட், பிராஃப் வி600இ இருக்கிறது. ரிப்போர்ட் போனது, டிக் போட்டேன், மறந்தேன்.

இப்போது அவருடைய கழுத்தில் திரும்பவும் கட்டி. சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்து, குரலையும் கம்மவைத்துவிட்டது. ஊசி பயாப்சியில் வந்த பெயர் அனாபிளாஸ்டிக். தைராய்டு புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றிரண்டுதான் இந்த வகை, ஆனால் இந்த உறுப்பின் புற்றுநோய் மரணங்களில் பெரும்பங்கு இதன் கணக்கில்தான் போகிறது. எவ்வளவு சின்னதாகக் கண்டுபிடித்தாலும் நிலைப் பட்டியலில் இது நேராக நான்காம் நிலைக்குப் போய் உட்காரும். வேறு எந்தத் தைராய்டு புற்றுநோய்க்கும் அப்படி ஒரு விதி கிடையாது.

இதுபோன்ற கேஸ் வந்தால் லேபில் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடுவோம். காரணம், பிராஃப் வி600இ இருந்தால் மருந்து இருக்கிறது. டப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் என்ற இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2018 மே மாதம் அனுமதி தந்தது. அதற்கு அடிப்படையான ஆய்வின் முதல் அறிக்கையில் 16 நோயாளிகள், அவர்களில் 11 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அதற்கு முன் சில மாதங்களையே கணக்கில் வைத்திருந்த ஒரு நோயில் 16க்கு 11 என்பது எங்கள் துறையில் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. அதனால் இப்போது முதல் நாளே விஇ1 என்ற ஆன்டிபாடியால் ஸ்லைடைச் சாயம் ஏற்றுவோம். மாறிய பிராஃப் புரதம் இருந்தால் செல்கள் பழுப்பாகிவிடும். டி.என்.ஏவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவருடைய ஸ்லைடு ஒரு மூலை மிச்சமில்லாமல் பழுப்பானது. மருந்து மறுநாளே தொடங்கியதாக அறிந்தேன்.

ஒரு வாரம் கழித்து சீக்வென்சிங் முடிவில் மூன்று மாற்றங்கள். பிராஃப் வி600இ. டெர்ட் ப்ரமோட்டர் சி228டி. டி.பி.53. எங்கள் பேத்தாலஜி மேடம் அதைப் பார்த்துவிட்டு, “பிராஃப் எட்டு வருஷம் முன்னாடியே இருந்தது. மத்த ரெண்டும் எப்ப வந்துச்சு?” என்று கேட்டார். நோயாளிக்கு அந்தப் பதிலால் உடனடிப் பயன் எதுவும் இல்லை. இருந்தாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பழைய ஏழு பிளாக்குகளையும் ஸ்டோரிலிருந்து வரவழைத்தேன். அப்படித்தான் ஏ2 மேஜைக்கு வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று அந்த மூன்று பேரையும் அறிமுகம் செய்துவிடுகிறேன்.

செல்லுக்கு வெளியிலிருந்து “பிளந்து பெருகு” என்று வரும் தகவல் ராஸ், ராஃப், மெக், எர்க் என்று கைமாறி உட்கருவுக்குப் போகிறது. பிராஃப் ராஃப் குடும்பத்தில் ஒருவர், அந்த வரிசையில் இரண்டாவது ஆள். வழக்கமாக, ராஸ் தட்டி எழுப்பினால்தான் எழுந்திருப்பார், வேலை முடிந்ததும் படுத்துவிடுவார். மரபணுவில் 1799ஆவது எழுத்து டியிலிருந்து ஏ ஆனால், புரதத்தின் 600ஆவது இடத்தில் வேலின் போய்க் குளூட்டாமிக் அமிலம் வந்து உட்காரும். அதன்பிறகு அவருக்குத் தூக்கமே கிடையாது. யாரும் தட்டாமலேயே தகவல் போய்க்கொண்டிருக்கும். இந்த மாற்றம் புற்றுநோய்களில் இருக்கிறது என்று தெரியவந்தது 2002இல். தைராய்டில் கண்டது மறு வருடம். அந்தக் காலத்துக் கட்டுரைகளைத் திறந்தால் ‘வி599இ’ என்று இருக்கும். அது வேறு மாற்றம் இல்லை. அப்போது கையில் இருந்த மரபணு வரிசையில் மூன்று எழுத்து விட்டுப்போயிருந்தது, திருத்தியதும் எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியாமல் 599ஐயும் 600ஐயும் இரண்டு தனி மாற்றங்களாக அட்டவணை போட்டு மேடத்திடம் காட்டியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அக்காவிடம் நான் முதலில் சொன்ன கணக்கு இதுதான். 2014இல் வெளிவந்த, டி.சி.ஜி.ஏ என்ற புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் ஆய்வு 496 பாப்பில்லரி கட்டிகளை அலசியது. அவற்றில் சுமார் 60 சதவீதத்தில் பிராஃப் வி600இ. அதாவது இந்த நோய் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் ரிப்போர்ட்டில் அவள் சிவப்பு வட்டம் போட்ட அதே வரி இருக்கும். ஆனால் பாப்பில்லரி வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதனால் சாவதில்லை, பல பத்தாண்டுகள் நன்றாக இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் இருக்கும் ஒன்று, வெகு சிலருக்கு மட்டும் நடக்கும் விஷயத்தைத் தனியாக எப்படி முன்கூட்டிச் சொல்லும்?

“அப்ப எதுக்கு டெஸ்ட் எடுக்கறாங்க?” என்றாள். நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், சின்னக் கட்டிகளுக்கு இதை வழக்கமாக எடுப்பதில் எனக்குப் பெரிய உடன்பாடு கிடையாது. இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 2013இல் 1849 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்த ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிராஃப் மாற்றம் இருந்தவர்களில் 5.3 சதவீதம் பேர் இந்த நோயால் இறந்திருந்தார்கள், இல்லாதவர்களில் 1.1 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் மட்டும் படித்தால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அதே கட்டுரையில், கட்டி தைராய்டைத் தாண்டியதா, நிணநீர் முடிச்சுக்குப் போனதா, தூரத்தில் பரவியதா என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்தபோது, பிராஃபுக்கென்று தனியாக மிஞ்சிய எடை புள்ளியியலில் நிற்கவில்லை. பேத்தாலஜி ரிப்போர்ட்டின் மற்ற வரிகள் ஏற்கனவே சொல்லிவிட்டதைத்தான் பிராஃபும் சொல்கிறது என்று நான் அதைப் படிக்கிறேன். ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனையில் 1993 முதல் ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கும் சின்ன பாப்பில்லரி கட்டிகளை வெட்டாமல் கவனித்து வருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை வருடக்கணக்கில் வளராமல் அப்படியே இருக்கின்றன. பிராஃப் இருந்தும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கட்டிகள் அந்தக் கூட்டத்தில் தாராளம்.

பிராஃப் தொடங்கிவைக்கிற ஆள். வேகம் அதன் கையில் இல்லை.

டெர்ட் வேறு ரகம். செல் ஒவ்வொரு முறை பிளக்கும்போதும் குரோமோசோம் நுனிகள் கொஞ்சம் தேயும், தேய்ந்து ஒரு கட்டத்தில் பிளப்பது நின்றுவிடும். நுனிகளைத் திரும்பக் கட்டித்தரும் நொதியை உருவாக்குவது டெர்ட் மரபணு. வளர்ந்த தைராய்டு செல்லில் அது அணைந்து கிடக்கிறது. மரபணுவுக்கு முன்னால் இருக்கும் ப்ரமோட்டர் பகுதியில் சி என்ற எழுத்து டி ஆக மாறினால், இரண்டே இடங்கள்தான், 228 அல்லது 250, அங்கே மரபணுக்களை இயக்கிவிடும் ஈ.டி.எஸ் குடும்பப் புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ளப் புதிதாக ஓர் இடம் உருவாகிறது. 2013இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இதைக் கண்டுபிடித்தார்கள், அதே வருடம் தைராய்டிலும். நாம் வழக்கமாகப் பார்க்கும் மாற்றங்கள் புரதத்தைக் கெடுக்கும். இது புரதத்தைத் தொடுவதே இல்லை, விளக்கின் சுவிட்சைத்தான் போடுகிறது.

எனக்கு இதில் பிடித்த பகுதி, ‘பிடித்த’ என்பது தப்பான சொல்தான், பிராஃபும் டெர்ட்டும் சேரும் விதம். தூங்காத பிராஃப் அனுப்பும் தகவல் எர்க் வழியாக ஈ.டி.எஸ் புரதங்களைக் கிளப்பிவிடுகிறது. அந்தப் புரதங்கள் உட்காரத்தான் டெர்ட் மாற்றம் நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. ஒன்று ஆட்களை அனுப்புகிறது, மற்றது இடம் கொடுக்கிறது. இரண்டும் ஒரே கட்டியில் இருந்தால் நோய் திரும்புவதும் மரணமும், தனித்தனியாக இருக்கும்போது வருவதைக் கூட்டினால் கிடைப்பதைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவதற்கு இது ஒரு காரணம்.

பாப்பில்லரி கட்டிகளில் டெர்ட் மாற்றம் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தைராய்டு செல் என்ற அடையாளத்தைப் பாதி இழந்த நடுவாந்தர வகையில் 40 சதவீதம். அனாபிளாஸ்டிக்கில் 73. 2016இல் வந்த ஒரு சீக்வென்சிங் ஆய்வின் எண்கள் இவை. மூன்றாவது ஆள் டி.பி.53, சேதமான செல்லைப் பிளக்கவிடாமல் தடுக்கும் காவலாளி மரபணு. அதே ஆய்வில் அதன் மாற்றம் அந்த நடுவாந்தர வகையில் 8 சதவீதம்தான், அனாபிளாஸ்டிக்கில் 73. நடுவில் நிற்கும்வரை பெரும்பாலும் காத்துநின்ற காவலாளி கடைசிப் படியில் விழுகிறார் என்று இதை வாசிக்கலாம். பிராஃபுக்கு இப்படி ஏறும் படிக்கட்டு கிடையாது. அது அடியிலேயே நிறைய இருக்கிறது, மேலே போகப் போகக் கூடவில்லை.

சரி, பிளாக்குகளுக்கு வருகிறேன்.

பழைய மெழுகிலிருந்து டி.என்.ஏ எடுப்பது பழைய செய்தித்தாளைப் பிரிப்பது மாதிரி. ஃபார்மலின் அதைத் துண்டு துண்டாக நொறுக்கியிருக்கும். டெர்ட் ப்ரமோட்டரோ ஜியும் சியும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் இடம், டி.என்.ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் நல்ல டி.என்.ஏவிலேயே முரண்டு பிடிக்கும். ஏழு பிளாக்கிலும் குட்டிக் குட்டித் துண்டுகளாகப் பெருக்கிப் பார்த்தேன். பிராஃப் ஏழிலும் இருந்தது. டி.பி.53 ஒன்றில்கூட இல்லை. டெர்ட் ஆறில் இல்லை. ஏ5இல் மட்டும் நான்கு சதவீதம், சி228டி.

நான்கு சதவீதத்தைப் பார்த்ததும் நான் துள்ளிக் குதிக்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. காரணம் இருக்கிறது. ஃபார்மலினில் ஊறிய டி.என்.ஏவில் தானாக நடக்கும் சேதங்களில் முக்கியமானது, சி என்ற எழுத்து அமினோ தொகுதியை இழந்து யூரசில் ஆவது. பி.சி.ஆர் யூரசிலை டி என்று படிக்கும். ஆக சி போய் டி வருவது என்பது ஃபார்மலினின் கைரேகை. டெர்ட்டின் அந்த இரண்டு மாற்றங்களும் சி போய் டி வருவதுதான்! கட்டி செய்ததா, ஃபார்மலின் செய்ததா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதில் ஏமாந்து ரிப்போர்ட் கொடுத்தால், சாதாரணக் கட்டியை ஆபத்தான கட்டி என்று சொன்னதாகிவிடும்.

அதற்கு வழி இருக்கிறது. பி.சி.ஆருக்கு முன்னால் யூரசில் டி.என்.ஏ கிளைகோசிலேஸ் என்ற நொதியைப் போட்டால் அது யூரசிலைக் கொத்தி எடுத்துவிடும், போலி டி மறையும், உண்மையான டி நிற்கும். முழுக்க நம்ப முடியாது, மெத்தில் ஏறிய சி என்றால் யூரசில் வழியே போகாமல் நேராக டி ஆகிவிடும், நொதி அதைத் தொடாது. அதனால் கூடவே பிளாக்கிலிருந்து புதிதாக இன்னொரு முறை டி.என்.ஏ எடுத்து, முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டும். தற்செயலான சேதம் இரண்டு முறையும் அதே இடத்தில் அதே அளவில் வருவது அபூர்வம்.

மறுபடி எடுப்பதற்கு முன்னால் ஏ5இன் ஸ்லைடை மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் பத்து வினாடி பார்த்தார். ஒரு ஓரத்தில் மார்க்கரால் வட்டம் போட்டார். நான்கைந்து மில்லிமீட்டர் இருக்கும். “இங்க பாரு, டால் செல்.” பார்த்தேன். அகலத்தைப் போல மூன்று மடங்கு உயரம் உள்ள செல்கள், தண்டவாளம் மாதிரி வரிசை வரிசையாக. பாப்பில்லரியிலேயே கொஞ்சம் முரடான வகை அது. கட்டியில் முப்பது சதவீதம் அப்படி இருந்தால்தான் அந்தப் பெயரைத் தலைப்பில் போடுவார்கள். இங்கே அவ்வளவு இல்லை, ஓரத்தில் ஒரு திட்டு மட்டும். எட்டு வருடம் முந்தைய பேத்தாலஜி ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: ஏ5இல் சிறு பகுதியில் டால் செல் அம்சங்கள். அன்றைக்கு நான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.

அந்த வட்டத்துக்குள் இருந்ததை மட்டும் கத்தியால் சுரண்டி எடுத்தேன். நொதி போட்டேன். இரண்டு முறை ஓட்டினேன். முதல் முறை 21 சதவீதம், இரண்டாம் முறை 20.

ஒரு செல்லில் மரபணுவின் இரண்டு நகல்கள் இருக்கும், மாற்றம் பொதுவாக ஒன்றில்தான். அதனால் 20 சதவீதம் என்றால் அந்தச் சுரண்டலில் இருந்த செல்களில் சுமார் 40 சதவீதத்தில் மாற்றம் இருந்தது என்று பொருள். முதலில் வந்த நான்கு, மீதிக் கட்டியும் நல்ல திசுவும் சேர்ந்து நீர்த்துப்போன நான்கு. இரண்டு மீட்டர் தள்ளி ஃப்ரிட்ஜில் இருந்த ஏ2 டி.என்.ஏவில் அது பூஜ்யம். எட்டு வருடம் முன்பு டெர்ட் டெஸ்ட்டே கேட்டிருந்தாலும் நான் ஏ2வை எடுத்து ‘நாட் டிடெக்டட்’ என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். விதிப்படி சரியான ரிப்போர்ட்டாக அது இருந்திருக்கும்.

இப்போது நான் கண்ணால் பார்ப்பது போல ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் பிராஃப், கட்டி முழுக்க. அப்புறம் ஏதோ ஒரு செல்லில் டெர்ட், அதன் வாரிசுகள் ஓரத்தில் ஒரு திட்டு. கழுத்தில் திரும்ப வந்தது அந்தத் திட்டின் வம்சம். அதில் பின்னால் எப்போதோ டி.பி.53 உடைந்திருக்கிறது. ஒரே ஒரு ஆளின் கதை இது, இதை வைத்துக் கோட்பாடு எழுத முடியாது. ஆனால் ‘ட்யூமர் ப்ரோக்ரஷன்’ என்று படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவதை முதல்முறையாக என் மேஜையில் ஒரே ஆளின் பிளாக்குகளில் பார்த்தேன்.

அன்றைக்கே தெரிந்திருந்தால் அவர் கதை மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். மாறாமலும் போயிருக்கலாம். கொஞ்சம் நெருக்கமாகக் கண்காணித்திருப்பார்கள், அவ்வளவு நிச்சயம். நடுவில் இரண்டு வருடம் அவருடைய ரத்தத்தில் தைரோகுளோபுலின் குறைவாகவே இருந்திருக்கிறது. தைராய்டு செல் மட்டுமே செய்யும் புரதம் அது, குறைவாக இருந்தால் நோய் இல்லை என்று நிம்மதி அடைவது வழக்கம். ஆனால் செல் தான் தைராய்டு என்பதையே மறக்கத் தொடங்கினால் அந்தப் புரதத்தையும் குறைத்துவிடும். அயோடினை உள்ளே இழுக்கும் வாசலையும் மூடிவிடும். பிராஃப் சமிக்ஞை ஓயாமல் ஓடினாலே அந்த வாசல் பாதி சாத்திவிடுகிறது. கதிரியக்க அயோடின் கொடுத்தாலும் கட்டி அதை வாங்கிக்கொள்ளாமல் போவது இதனால்தான். சமிக்ஞையை மருந்தால் அடக்கினால் வாசல் திறக்குமா என்று 2013இல் செலுமெட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 20 பேரில் 12 பேருக்கு அயோடின் ஏறியது கூடியது, 8 பேருக்கு மறுபடி கதிரியக்க அயோடின் கொடுக்கும் அளவுக்குக் கூடியது. மறந்ததை நினைவுபடுத்த முடிகிறது, எல்லோருக்கும் இல்லை.

ராஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசி டெஸ்ட்டில் ராஸ் மாற்றம் என்று வந்தவர்களும் இதே மாதிரி பயப்படுகிறார்கள். புற்றே இல்லாத அடினோமாவிலும் ராஸ் இருக்கும். ஃபாலிகுலர் கட்டி புற்றா இல்லையா என்பதை அதன் உறையையோ ரத்தக்குழாயையோ துளைத்ததா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும், எழுத்தைப் பார்த்து இல்லை. 2016இல் ஒரு நிபுணர் குழு, உறைக்குள்ளேயே அடங்கிய ஒரு வகைக் கட்டியின் பெயரிலிருந்து ‘புற்று’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் கவனித்த 109 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை என்பதுதான் ஆதாரம். அந்தக் கட்டிகளில் ராஸ் சர்வ சாதாரணம்.

இதற்கெல்லாம் நேர் எதிராக ஒன்று உண்டு. மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றில் வரும் பரம்பரை ரெட் மரபணு மாற்றம். அது கட்டியில் மட்டும் இல்லை, பிறக்கும்போதே உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. எந்த பிளாக்கை எடுத்தேன் என்ற கவலையே வேண்டாம், ரத்தத்தில் பார்த்தால் போதும். எழுத்து எது என்பதைப் பொறுத்து, கட்டி வருவதற்கு முன்பே தைராய்டை எடுக்கும் வயதையே சொல்லிவிடுகிறார்கள். 918ஆவது இடத்தில் மெத்தியோனின் போய்த் த்ரியோனின் வந்திருந்தால், குழந்தையின் முதல் வயதுக்குள். என் வேலையில் எழுத்து மட்டும் தனியாக நின்று இவ்வளவு உறுதியாகப் பேசும் இடங்கள் அபூர்வம். அதனால் ரெட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது கை கொஞ்சம் தயங்கும்.

இப்போது எங்கள் லேபில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது, நான் சண்டை போட்டுக் கொண்டுவந்தது. எந்த பிளாக், எந்தப் பகுதி, அதில் கட்டி செல்கள் எத்தனை சதவீதம் என்று ரிசல்ட்டுக்கு மேலேயே அச்சாகும். முரட்டுத் திட்டு ஏதாவது இருந்தால் மேடம் ஸ்லைடில் வட்டம் போட்ட பிறகுதான் நான் கத்தியை எடுப்பேன். ஒரு கேஸுக்கு அரைமணி நேரம் கூடுதலாகிறது, அதற்கு அவ்வப்போது முணுமுணுப்பும் கேட்கிறது. கேட்கட்டும்.

அக்காவை மறுபடி நேற்று கூப்பிட்டேன். முழு பேத்தாலஜி ரிப்போர்ட்டையும் அனுப்பச் சொல்லியிருந்தேன். கட்டி 1.1 சென்டிமீட்டர், தைராய்டைத் தாண்டவில்லை, ரத்தக்குழாயில் இல்லை, எடுத்த நிணநீர் முடிச்சுகளில் இல்லை, டால் செல் இல்லை. வயது 41. டெர்ட் டெஸ்ட் கேட்கவா என்றாள். இந்த அளவுக்கு இந்த உருவத்துக்கு நான் கேட்க மாட்டேன், உன் டாக்டரும் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன், அவரிடமே கேள் என்றேன்.

“அந்த பிராஃப் ரிப்போர்ட்ல பிளாக் நம்பர் போட்டிருக்காங்களா பாருக்கா.”

“ஏ3ன்னு இருக்கு.”

“சரி. கட்டி ரெண்டு பிளாக்லதான் இருக்கு, ஏ2, ஏ3. ரெண்டும் ஒரே மாதிரின்னு எழுதியிருக்காங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. காகிதம் புரட்டும் ஒலி மட்டும் கேட்டது.

“அப்ப ஏ4, ஏ5ல என்னடி இருக்கு?”

“ஏ4 அந்தப் பக்கத்து மடல், வெறும் தைராய்டு. ஏ5ல ஒரு பாராதைராய்டு, ரத்தத்துல கால்சியத்தைப் பாத்துக்கற குட்டிச் சுரப்பி, தைராய்டோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. கால்சியம் மாத்திரை ஒழுங்காப் போடுறியா?”

“காலையில போடுறேன். ராத்திரி மறந்துடுது.”

“விரல் மதமதன்னு இருக்கா?”

“லேசா இருக்கு. பயத்துல இருக்கும்னு விட்டுட்டேன்.”

“பயம் இல்லக்கா, கால்சியம். இப்பவே ஒண்ணு போட்டுட்டு டாக்டருக்கு ஃபோன் பண்ணு.”